சம்பளக்காரர் வீட்டில் நாட்டு நாய்: செலவுக் கணக்கும் வளர்ப்பும்

நாட்டு நாய்க்கு என்ன பெரிய செலவு, மிச்சம் மீதியைப் போட்டால் தின்றுவிட்டுக் கிடக்கும் என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வாடகை வீடு, ஒற்றைச் சம்பளம். தெருவிலிருந்து எடுத்து வந்த செவலை என்னோடு இருக்கிறாள். அவளுக்கு ஆகும் செலவைத் தனி நோட்டில் எழுதி வருகிறேன். சாப்பாட்டுச் செலவு மாதாமாதம் இவ்வளவுதான் என்று தெரிந்துவிடுகிறது, அதைச் சமாளித்துவிடலாம். திடீரென்று வரும் வைத்தியச் செலவுதான் மாதத்தையே புரட்டிப்போடும்.

அதனால் குட்டியைத் தூக்கி வருவதற்கு முன்பே பணம் சேர்க்க ஆரம்பித்துவிடுங்கள். சம்பளம் வந்த அன்றைக்கே 500 ரூபாய் தனியாகப் போய்விட வேண்டும். மாசக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது. சிலர் அஞ்சலகத்தில் மாதாமாதம் பணம் கட்டும் ஆர்.டி. போடச் சொல்வார்கள். ஆர்.டி. நல்லதுதான், ஆனால் இதற்கு ஒத்துவராது. அது 5 வருடத் திட்டம், 3 வருடம் ஆகாமல் முடித்துப் பணத்தை எடுக்க முடியாது. நாய்க்கு ராத்திரி பத்து மணிக்கு வாந்தி எடுத்தால் அந்த நேரத்துக்குப் பணம் கையில் வர வேண்டும். ஏடிஎம் கார்டு உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கு போதும். வீட்டுச் செலவுக் கணக்கோடு மட்டும் கலக்காதீர்கள்.

அடுத்து வீட்டுக்காரர். மறைத்து வளர்க்க நினைக்க வேண்டாம். குட்டி ஒரு ராத்திரி அழுதாலே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டுக்காரம்மா கேட்டது ஒரே கேள்வி: "கடிக்காதுல்லம்மா?" "ஊசி எல்லாம் போட்டு அட்டையைக் கொண்டுவந்து காட்டுறேம்மா" என்றேன். சொன்னபடி காட்டினேன். அதற்கப்புறம் அவரே மீன் வாங்கினால் முள் எடுத்துக் கொஞ்சம் கொடுக்கிறார்.

லீவையும் பணம் மாதிரியே சேர்த்துவைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. காலையில் பூட்டிவிட்டுப் போய் சாயங்காலம் வந்து திட்டுவது பெரிய அநியாயம். தொடர்ந்து நாலைந்து நாள் விடுமுறை வரும்போது எடுத்து வாருங்கள். பிறகு மத்தியானம் ஒரு தடவை வந்து பார்க்க யாராவது இருக்க வேண்டும். அப்படி யாருமே இல்லையென்றால் குட்டி வேண்டாம், வளர்ந்த நாயைத் தத்தெடுங்கள். காது ஓரத்தில் சின்னதாக வெட்டு இருந்தால் அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம், அந்தச் செலவும் மிச்சம்.

தடுப்பூசியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி. டிஸ்டெம்பர், பார்வோ போன்ற உயிரைப் பறிக்கும் வைரஸ் நோய்களுக்கான தடுப்பெல்லாம் அதில் அடக்கம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை திரும்பப் போட வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். டாக்டர் சொல்லும் நாளில் அதற்கு ஒரு பூஸ்டர், அப்புறம் வருடா வருடம். பூச்சி மருந்து தனி. ஊசிகள் முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிடாதீர்கள். பார்வோ வந்தால் வாந்தியும் ரத்தப்பேதியுமாக உடம்பில் இருக்கும் நீரெல்லாம் போய்விடும், நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டிவரும். அந்தச் செலவுக்கு முன்னால் ஊசிச் செலவு ஒன்றுமே இல்லை. அவ்வளவு செலவு செய்தாலும் எல்லாக் குட்டியும் பிழைப்பதில்லை.

காசு கஷ்டம் என்றால் வழி இருக்கிறது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. தனியார் கிளினிக்கைவிடச் செலவு மிகவும் குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டும். அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போய்விடுங்கள். மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் உண்டு. 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட ஆரம்பித்தார். அதன் நினைவாக வருடா வருடம் அதே நாளில் பல அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாக வெறிநோய் ஊசி போடுகிறார்கள். காலண்டரில் குறித்துவையுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். கறிக்கடை அண்ணனிடம் சொல்லிவைத்தால் கோழி ஈரல், எலும்பில்லாத துண்டுக்கறி எல்லாம் குறைந்த விலைக்குக் கொடுப்பார். செவலைக்குச் சோறு, கோழி, கொஞ்சம் பூசணி அல்லது கேரட், ஒரு சிட்டிகை மஞ்சள். வேகவைத்து மசித்துவிடுவேன். கறி இல்லாத நாளில் முட்டை. கோடையில் மத்தியானம் தாளிக்காத தயிர்சாதம். பால் பல நாய்களுக்குச் செரிக்காது, பேதியாகும். நம் குழம்பை ஊற்றிப் பிசைந்து போடும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் மூன்றும் விஷம். பாயசத்தில் கிடக்கும் திராட்சைக்கும் இது பொருந்தும். வெந்த கோழி எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். எலும்பே இல்லாமல் வீட்டுச் சாப்பாடு மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து குறையும். அதற்கு முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துச் சேர்க்கலாம், நாயின் எடையைச் சொல்லி டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்ணியைப் பற்றி நான் விரிவாகவே சொல்வேன், ஏனென்றால் என் நோட்டில் பெரிய தொகை அதன் பெயரில்தான் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் செவலை திடீரென்று சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். ஈறு வெளுத்திருந்தது. மறுநாளே கொண்டுபோனேன். ரத்தப் பரிசோதனை, உண்ணிக் காய்ச்சல், வாரக்கணக்கில் மாத்திரை. தனியாகச் சேர்த்திருந்த பணம் இருந்ததால் யாரிடமும் கைமாற்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தாமதித்திருந்தால் மூக்கில் ரத்தம் வரும் நிலைக்குப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். தினமும் ராத்திரி ஐந்து நிமிடம் உட்கார்ந்து காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்குக் கீழே, வாலடியில் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். வெறும் கையால் நசுக்க வேண்டாம், மண்ணெண்ணெய் தடவ வேண்டாம். உடம்புக்குப் போடும் மருந்தை எடைக்குத் தகுந்தபடி டாக்டரிடம் வாங்குங்கள். படுக்கும் சாக்கை வெந்நீரில் துவையுங்கள். சுவர் விரிசலில்கூட உண்ணி முட்டையிடும்.

காய்ச்சல்தானே என்று நம் வீட்டு பாராசிட்டமாலோ வலி மாத்திரையோ கொடுக்காதீர்கள். அதில் நாய்கள் செத்துப்போகின்றன.

வெயில் காலத்தில் புறங்கையைத் தார்ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் பொறுக்காது. சித்திரை, வைகாசியில் நாங்கள் பொழுது விடியும்போதே நடந்துவிட்டு வந்துவிடுவோம்.

சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். அதற்கு வெறிநோய் ஊசிச் சான்றும் வேண்டும். ஊசி போட்ட நாய்தான் என்றாலும், யார்மேலாவது கடியோ பல் பட்ட கீறலோ விழுந்தால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. ஊசி அட்டையில் எழுதிக்கொடுக்கும் எந்த நாளையும் விடாதீர்கள்.

ஊருக்குப் போவதுதான் மிச்சம். ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் கூபே என்ற இரண்டு பேர் அறை முழுவதையும் எடுத்தால் நாயைக் கூடவே கூட்டிப்போகலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில்தான் ஏற்ற வேண்டும். கூபே எடுக்க என் சம்பளத்தில் முடியாது, சத்தமும் இருட்டுமான கூண்டில் அவளை அனுப்ப எனக்கு மனசு வராது. அதனால் பொங்கலுக்கு நான் போகும்போது வீட்டுக்காரம்மாவின் மகன் பார்த்துக்கொள்கிறான். கோழியை வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். ஊசி அட்டையும் டாக்டர் நம்பரும் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். கூடவே ஒரு கவரில் 1,000 ரூபாய். அவசரம் என்றால் என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.