மட்டிப்பழம் எண்ணத் தெரியுமா?

மூன்று வயதுப் பிள்ளை ஒன்று முதல் இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும். 'நாலு பழம் எடுத்துட்டு வா மக்கா' என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வந்து நிற்கும். எண்களின் பெயர் தெரிவது வேறு, எண்ணத் தெரிவது வேறு. இதற்கு ஒர்க்‌ஷீட் தேவையே இல்லை, வீட்டில் தொங்கும் மட்டி வாழைக்குலை போதும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் குமரி மாவட்டத்துப் பழம்; விரல் பருமன்தான் என்பதால் சின்னக் கைக்கு அளவாக இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் தட்டுக்கு ஒரு பழம் வைக்கச் சொல்லுங்கள். 'அப்பாவுக்கு ஒண்ணு, ஆச்சிக்கு ரெண்டாவது...' ஒரு பழத்தைத் தொட்டால் ஒரு எண். தவறினால் உடனே திருத்தாதீர்கள். ஆச்சியின் தட்டு காலியாக இருப்பதை அதுவே கண்டுபிடிக்கும். என் மகள் ஒருநாள் அந்தத் தட்டையே வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குலைப்பக்கம் ஓடினாள். அந்த ஓட்டத்தில்தான் அவள் எண்ணக் கற்றாள்.

பிறகு ஐந்து பழங்களை நெருக்கி வைத்துக் காட்டி, அதே ஐந்தைத் தள்ளித்தள்ளி வையுங்கள். இப்போது கூடிவிட்டது என்று அடித்துச் சொல்லும். அந்த வயதுக்கு அது இயல்பு, பதற வேண்டாம்.

தோவாளைப் பூ வாங்கினால் பிச்சியையும் கேந்தியையும் பிரிக்கக் கொடுக்கலாம். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, மஞ்சாடி விதை மட்டும் வேண்டவே வேண்டாம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும்.