எம்பிஏ கடன் வட்டியைப் படிக்கும்போதே கட்டுங்கள்

எம்பிஏவுக்குக் கல்விக் கடன் வாங்கினால், பணத்தை மொத்தமாக எடுக்காமல் செமஸ்டர் வாரியாக விடுவிக்கச் சொல்லுங்கள். அதற்கான வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள்.

வங்கி விடுவித்த தொகைக்கு மட்டும்தான் வட்டி ஓடும். 10 லட்சத்தை 10% வட்டியில் முதல் நாளே எடுத்தால் இரண்டு வருட வட்டி 2 லட்சம். செமஸ்டருக்கு இரண்டரை லட்சமாக எடுத்தால் 1.25 லட்சம்தான், முதல் ஆறு மாதம், மாதம் சுமார் 2,083 ரூபாய் போதும். கட்டாமல் விட்டால், தவணை தொடங்கும்போது அந்த வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறும். படிக்கும் காலத்தில் தவறாமல் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் 1% வரை வட்டியைக் குறைக்கின்றன. தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள், கேட்டு, கடன் அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து மத்திய அரசின் வட்டி மானியம் கிடைத்தால் இது தேவையில்லை. படிக்கும் கால வட்டியை அரசே ஏற்கிறது. கிரெடிட் கார்டில் எடுத்து வட்டி கட்டும் நிலை என்றால் கட்டாமல் இருப்பதே மேல்.