சின்ன கிளப்பில் வாசிக்க பழைய வால்வு ஆம்ப்: தேர்ந்தெடுப்பது எப்படி?

டொராண்டோவில் குவீன் தெரு மேற்கிலும் ஸ்பாடைனாவிலும் உள்ள சின்ன கிளப்களில் கிடார் வாசிக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் ஆம்ப் வாங்கலாம்?" என்றுதான். அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "பழைய ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுத்துவிடலாமா?" இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். வேண்டாம். நல்ல ஆம்ப்தான், ஆனால் ஐம்பது பேர் உட்காரும் அறைக்கு ஆனதல்ல. முதல் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. ஆம்ப் என்றால் கிடாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், அந்த வேலையைக் கண்ணாடிக் குழாய்களால் செய்வது வால்வு ஆம்ப்.

1. ஆம்பைப் பார்க்கும் முன் அறையைப் பாருங்கள்

நீங்கள் வாசிக்கப்போகும் இடத்துக்கு ஒரு ரசிகராகப் போய் உட்காருங்கள். மேடை எவ்வளவு பெரிது, டிரம்மர் குச்சியால் அடிக்கிறாரா பிரஷ்ஷால் வருடுகிறாரா, கிடார் ஆம்புக்கு முன்னால் மைக் வைக்கிறார்களா அல்லது பி.ஏ. (கூட்டத்துக்குக் கேட்க வைக்கும் கிளப்பின் ஒலிபெருக்கி அமைப்பு) பாடகருக்கு மட்டும்தானா, இவற்றைக் கவனியுங்கள். ஆம்பின் அளவைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் டிரம்மர்தான். அவருக்கு மேல் கொஞ்சம் கேட்டால் போதும், அதைத் தாண்டினால் முன்வரிசையில் இருப்பவர் எழுந்து பின்னால் போய்விடுவார்.

மைக் வைக்கிற இடம் என்றால் இன்னும் சின்ன ஆம்ப் போதும். கூட்டத்துக்குக் கேட்க வைப்பது பி.ஏ.வின் வேலை. மேடையில் உங்களுக்கும் பேஸ் வாசிப்பவருக்கும் கேட்டால் சரி.

2. வாட்ஸ் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

பலரும் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வாட்ஸை இரட்டித்தால் சத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட்ஸ், ட்வின் ரிவெர்ப் 85 வாட்ஸ். ஏறத்தாழ நான்கு மடங்கு, ஆனால் வித்தியாசம் 6 டெசிபல்கூட முழுதாக இல்லை. டீலக்ஸைவிட ட்வின் சத்தம் அதிகம்தான், ஆனால் எண்களைப் பார்த்து நாம் கற்பனை செய்யும் அளவுக்கு இல்லை.

அப்படியானால் ட்வினால் என்ன பிரச்சினை? அறுபதுகளின் ஃபெண்டர் ஆம்ப்களில் மாஸ்டர் வால்யூம், அதாவது மொத்தச் சத்தத்தைத் தனியாகக் குறைக்கும் குமிழ், கிடையாது. வால்யூமைத் திருகத் திருக, ஓர் இடம் வரை ஒலி சுத்தமாக இருக்கும். அதற்குமேல் பவர் வால்வுகள் (ஸ்பீக்கரை இயக்கும் பெரிய வால்வுகள்) திணறத் தொடங்கும், ஓரங்களில் லேசான கரகரப்பு சேரும், மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும் அழுத்தி மீட்டினால் கடுமையாகவும் பதில் சொல்லும். பழைய ஆம்பைத் தேடி அலைபவர்கள் தேடுவது இந்த இடத்தைத்தான். டீலக்ஸில் அது டயலின் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும், டிரம்ஸோடு வாசிக்கும் சத்தமும் ஏறத்தாழ அங்கேயேதான். ட்வினில் அந்த இடத்துக்குப் போவதற்குள் கிளப் முதலாளி உங்கள் பக்கத்தில் வந்து நிற்பார். நாலு பவர் வால்வும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள ஆம்பை வாங்கி வால்யூம் இரண்டில் வைத்து வாசிப்பது, லாரி வாங்கி முதல் கியரிலேயே தெருவுக்குள் ஓட்டுவது மாதிரி.

ஜாஸ் வாசிப்பவருக்கு மட்டும் இந்த வாதம் தலைகீழாகப் பொருந்தும். கடைசி வரை சுத்தமான ஒலிதான் வேண்டும் என்றால் கொஞ்சம் கூடுதல் வாட்ஸ் நல்லது. அதற்கும் ட்வின் தேவையில்லை.

இன்னொன்று, ஸ்பீக்கர். ஒரே வாட்ஸில் 96 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 99 டெசிபல் தரும் ஒன்றைப் போட்டால், ஆம்பின் வாட்ஸை இரட்டித்த பலன் கிடைத்துவிடும். சின்ன ஆம்ப் சத்தம் போதவில்லை என்று விற்பதற்கு முன் இதை யோசியுங்கள்.

3. பட்டியலைச் சுருக்குங்கள்

டிரம்மரோடு சின்ன கிளப்பில் வாசிக்க 12 முதல் 22 வாட்ஸ் வரையுள்ள வால்வு ஆம்ப் பொருத்தம். நான் பரிந்துரைப்பவை இவை.

ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவெர்ப், 12 வாட்ஸ் சொச்சம், இரண்டு 6வி6 பவர் வால்வு, 10 அங்குல ஸ்பீக்கர். 1964-இல் வந்தது. எடை 15, 16 கிலோதான் என்பதால் ஸ்ட்ரீட்கார் ஏறி இறங்கலாம். மைக் வைக்கும் இடத்துக்கோ மென்மையான டிரம்மருக்கோ இதைவிட நல்ல ஆம்ப் எனக்குத் தெரியாது. குச்சியால் ஓங்கி அடிக்கும் டிரம்மர் என்றால் திணறிப்போகும்.

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், 22 வாட்ஸ், 12 அங்குல ஸ்பீக்கர், 19 கிலோ சுமார். குழம்பி நிற்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் இதுதான். இரண்டு சேனல் உண்டு, ரிவெர்பும் (எதிரொலி) ட்ரெமோலோவும் (சத்தம் ஏறி இறங்கும் நடுக்கம்) ஒன்றில் மட்டும்தான் வேலை செய்யும். தொடக்கத்தில் நார்மல் சேனலில் ஜாக்கைச் சொருகிவிட்டு ரிவெர்ப் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய.

டிரெய்னர் ஒய்.ஜி.எம்-3. இது எங்கள் ஊர் ஆம்ப். பீட் டிரெய்னரும் ஜாக் லாங்கும் 1963-இல் டொராண்டோவில் தொடங்கிய யார்க்வில் சவுண்ட் செய்தது. இரண்டு இஎல்84 வால்வு, 12 அங்குல ஸ்பீக்கர், ரிவெர்ப், ட்ரெமோலோ, 20 வாட்ஸுக்கு மேல். இஎல்84 என்பதால் ஃபெண்டரின் மணி போன்ற ஒலியைவிட நடுப்பகுதி கொஞ்சம் தூக்கலாக, கரடுமுரடாக இருக்கும். கனடாவில் எளிதாகக் கிடைக்கிறது, டீலக்ஸ் விலையோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே. புளூஸும் ராக்கும் வாசிக்கிற, கையில் அதிகம் காசில்லாத ஒருவர் கேட்டால் யோசிக்காமல் இதைக் காட்டுவேன்.

பிரிட்டிஷ் பக்கம் வாக்ஸ் ஏசி15, மார்ஷலின் 1965 முதல் 67 வரை வந்த 18 வாட்ஸ் காம்போக்கள் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பவை) இரண்டும் இதே அளவுதான், இரண்டும் அருமையானவை. ஆனால் அசலுக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை நமக்கு ஒத்துவராது. ஃபெண்டர் சாம்ப் 5 வாட்ஸ், 8 அங்குலம். வீட்டுக்கும் ஸ்டுடியோவுக்கும் தங்கம், டிரம்ஸ் முன்னால் காணாமல் போய்விடும்.

4. கறுப்பு பேனலா, வெள்ளி பேனலா?

ஃபெண்டர் நிறுவனத்தை 1965 ஜனவரியில் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் வாங்கியது. 1967 வரை வந்த கறுப்பு பேனல் ஆம்ப்களை பிளாக்ஃபேஸ் என்றும், 1968 முதல் வெள்ளி நிறமும் நீல எழுத்துமாக வந்தவற்றை சில்வர்ஃபேஸ் என்றும் சொல்வார்கள். கறுப்புக்கு விலை அதிகம், வெள்ளி என்றால் சிபிஎஸ் கெடுத்துவிட்டது என்று ஒரு பேச்சு.

அந்தப் பேச்சில் பெரிய ஆம்ப்கள் விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. பிரின்ஸ்டனிலும் டீலக்ஸிலும் சர்க்யூட் மாறியது மிகக் குறைவு, அதையும் நல்ல டெக்னீஷியன் ஒரு மதியத்தில் பழையபடி மாற்றிவிடுவார். வாசிப்பதற்கு வாங்குகிறீர்கள் என்றால் வெள்ளியை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்துக்கு நிறைய வேலை இருக்கிறது, கீழே வருகிறது.

5. வயதைச் சரிபாருங்கள்

விற்பவர் சொல்லும் வருடத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பழைய ஃபெண்டரின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வால்வு அட்டவணையில் இரண்டு எழுத்து முத்திரை இருக்கும். முதல் எழுத்து வருடம்: ஆங்கில வரிசையில் 'ஏ' என்றால் 1951, அப்படியே எண்ணிக்கொண்டு போனால் 'என்' 1964, 'கியூ' 1967. இரண்டாவது எழுத்து மாதம். 'என்', 'சி' என்றிருந்தால் 1964 மார்ச்.

பின்புறம் தெரியும் டிரான்ஸ்ஃபார்மரிலும் ஸ்பீக்கர் விளிம்பிலும் எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் மூன்று எண் செய்தவரைச் சொல்லும்: 606 ஷூமாக்கர் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கரில் 220 ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்ட். அதையடுத்து வருடத்தின் கடைசி எண், பிறகு எத்தனையாவது வாரம். 606-4-25 என்றால் 64-ஆம் ஆண்டின் 25-ஆவது வாரம். எல்லா எண்களும் ஒன்றுக்கொன்று சில மாத இடைவெளிக்குள் இருந்தால் அசல். ஸ்பீக்கர் மட்டும் பிந்தையது என்றால் மாற்றியிருக்கிறார்கள், அது குற்றமில்லை, விலை குறைய வேண்டும், அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மர் மாறியிருந்தால் இன்னும் நன்றாகப் பேரம் பேசலாம்.

6. வாங்கும் முன் வாசித்துப் பாருங்கள்

உங்கள் சொந்த கிடாரை எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் வீட்டில் அக்கம்பக்கத்தார் திட்டுவார்களென்று மெல்லிய சத்தத்தில் மட்டும் காட்டினால், நன்றி சொல்லிவிட்டு வேறு நேரம் கேளுங்கள். கிளப் சத்தத்தில் கேட்காத ஆம்பை வாங்கக் கூடாது.

முதலில் கிடார் சொருகாமல் ஆன் செய்து வால்யூமைச் சுழியத்தில் வையுங்கள். கேட்கும் உறுமல் பலமாக இருந்தால் அந்த இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். பின்பக்கம் இருட்டாக்கி வால்வுகளைப் பாருங்கள். நடுவில் ஆரஞ்சு இழை தெரிவது சரி. வெளிச்சுற்றிலிருக்கும் சாம்பல் தகடே செந்நிறமாகச் சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள், பயாஸ் (வால்வில் எவ்வளவு மின்சாரம் ஓடலாம் என்று வைக்கும் அளவு) தவறியிருக்கிறது அல்லது வால்வு போய்விட்டது.

பென்சிலால் சின்ன வால்வுகளை மெதுவாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் டங்கென்று மணியடித்தால் அந்த வால்வு பழசாகிவிட்டது. இது சின்ன செலவுதான், பயப்பட வேண்டாம். குமிழ்களில் கரகரப்பு என்பதும் அப்படித்தான், ஒரு ஸ்ப்ரேயில் போய்விடும். ரிவெர்ப் வரவில்லையென்றால் டாங்குக்கு (ரிவெர்ப் ஒலியைத் தரும் ஸ்பிரிங் பெட்டி) போகும் இரண்டு கேபிளையும் கழற்றி மாட்டிப் பாருங்கள், பாதி நேரம் கோளாறு அங்கேதான்.

அப்புறம் அரைமணி நேரம் விடாமல் வாசியுங்கள். சூடானதும் சத்தம் தேய்கிறதா, கருகல் வாடை வருகிறதா, தாழ்ந்த நோட்டில் ஸ்பீக்கர் உரசுகிறதா என்பதெல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது.

7. மின்சாரம்: இதில் விளையாட வேண்டாம்

அறுபதுகளின் ஆம்ப் பலவற்றில் இரண்டு முள் பிளக்தான். பின்னால் 'கிரவுண்ட்' என்று ஒரு சுவிட்ச், அதோடு மின்கம்பிக்கும் சேசிஸுக்கும் (ஆம்பின் உலோகச் சட்டம்) நடுவே ஒரு கெபாசிட்டர். அது பழுதானால் சேசிஸில் நேரே மின்சாரம் வரும், அங்கிருந்து கிடார் கம்பிக்கு, உங்கள் கைக்கு. அந்தக் கையோடு எர்த் ஆன மைக்கில் உதடு பட்டால் சுற்று முழுமையாகிவிடும். ஆம்பிலானாலும் மைக்கிலானாலும் எர்த் சரியில்லாத மேடை ஆளைக் கொல்லும். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-இல் ஸ்வான்சியில் மேடையிலேயே மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்தார். மூன்று முள் பிளக் போட்டு அந்தக் கெபாசிட்டரை எடுக்கும் வரை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அசல்தன்மை போய்விடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

ஆம்பை நீங்களே திறக்காதீர்கள். டீலக்ஸின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும்.

ஊருக்கு, அதாவது சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோகும் எண்ணமிருந்தால் ஒன்று. இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்காகச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடாகும். போகும் முன் டெக்னீஷியனிடம் காட்டுங்கள்.

8. பழுதுக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்

கையிலிருக்கும் பணம் முழுவதையும் ஆம்புக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்குங்கள். ஐம்பது வயதான ஆம்புக்கு ஃபில்டர் கெபாசிட்டர்கள் மாற்றவேண்டியிருக்கும், பவர் வால்வு ஒரு ஜோடி, அதற்கு பயாஸ், மூன்று முள் பிளக். யாரோ ஏற்கெனவே இதைச் செய்து ரசீது வைத்திருந்தால் அந்த ஆம்புக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். "ஒன்றுமே மாற்றவில்லை, அப்படியே இருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னால் செலவு உங்கள் தலையில் என்று அர்த்தம். கழற்றிய அசல் உதிரிகளை டெக்னீஷியனிடம் கேட்டு ஒரு பையில் வாங்கி வையுங்கள், பின்னால் விற்கும்போது கேட்பார்கள்.

9. முதல் மேடைக்குப் போகும்போது

ஆம்பைத் தரையில் வைத்தால் சத்தம் உங்கள் முழங்காலுக்குப் போகும், முன்வரிசைக்காரர் காதைத் துளைக்கும். ஒரு நாற்காலியில் ஏற்றி, கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து உங்கள் காதைப் பார்க்க வையுங்கள். எவ்வளவு குறைந்த வால்யூமே போதுமானதாகிவிடுகிறது என்பது உங்களுக்கே ஆச்சரியமாயிருக்கும்.

ஸ்பீக்கர் வயர் மாட்டாமல் வால்வு ஆம்பை ஒருபோதும் இயக்காதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், ஆம்பில் விலை கூடிய உறுப்புகளில் அது ஒன்று. வாசித்து முடித்ததும் வால்வு ஆற ஒரு பத்து நிமிடம் விட்டுத் தூக்குங்கள். பையில் ஒரு ஜோடி பவர் வால்வு, ஒரு 12ஏஎக்ஸ்7 (சின்ன வால்வு), ரெக்டிஃபையர் வால்வு (ஏசியை டிசியாக மாற்றுவது) உள்ள ஆம்ப் என்றால் அதுவும் ஒன்று, பிறகு பின்பேனலில் எழுதியிருக்கும் அதே ஆம்பியரில் இரண்டு மூன்று ஃபியூஸ் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகப் போட்ட ஃபியூஸும் உடனே போனால், பெரியதாக ஒன்றைத் தேடவோ ஃபாயில் சுற்றவோ வேண்டாம். அன்றைக்குக் கிடார் லைனை நேரே பி.ஏ.வுக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஆம்பை டெக்னீஷியனிடம் எடுத்துப்போங்கள்.