ஸ்லைஸைச் சரிசெய்ய: முதலில் கிளப் முகம், அப்புறம்தான் ஸ்விங்

கோல்ஃபில் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து போவதைத்தான் ஸ்லைஸ் என்கிறோம். அப்படி வளைகிறது என்றால், கொஞ்சம் இடப்பக்கம் குறிவைத்து அடித்தால் சரியாகிவிடும் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இடப்பக்கம் திரும்பி நின்றால் கிளப்பும், அதாவது பந்தை அடிக்கும் மட்டையும், இன்னும் இடப்பக்கமாக வீசப்படும். பந்து முன்பைவிட அதிகமாக வளையும். ஸ்லைஸ் வருடக்கணக்கில் விடாமல் ஒட்டிக்கொள்வதற்கு இந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம்.

இங்கே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரர்களுக்கு. இடக்கையால் ஆடுபவர்கள் இடம், வலம் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

பந்து ஏன் வளைகிறது?

கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் சுமார் 2,000-இல் ஒரு பங்குதான். அந்தக் கணத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: கிளப்பின் முகம் (பந்தைத் தொடும் தட்டையான பக்கம்) எங்கே பார்க்கிறது, கிளப் எந்தத் திசையில் நகர்கிறது, அதாவது அதன் பாதை எது. பந்து பெரும்பாலும் முகம் பார்க்கும் திசையை ஒட்டியே கிளம்பும். வளைவை முடிவுசெய்வது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி. பாதையைவிட முகம் வலப்பக்கமாகத் திறந்திருந்தால் பந்தின் சுழல் அச்சு வலப்பக்கம் சாய்ந்து, பந்தும் அந்தப் பக்கமே வளையும். நீண்ட தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரின் முகச் சாய்வுக் கோணம் 10 டிகிரி அளவில்தான் இருக்கிறது. அதனால் இந்தத் தப்பு அதில்தான் பளிச்சென்று தெரியும். முகச் சாய்வு அதிகமுள்ள, இரும்புத் தலை கிளப்பான 9 அயர்னில் பின்சுழற்சி அதிகம் என்பதால் அதே தப்பு பாதி மறைந்துவிடும்.

பெரும்பாலான பாடங்கள் ஸ்விங் பாதையிலிருந்து, அதாவது கிளப்பை வீசும் பாதையிலிருந்து, ஆரம்பிக்கின்றன. நான் முகத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். முகம் திறந்தே வரும்போது, பந்தை எப்படியாவது இலக்குப் பக்கம் இழுக்க உடம்பு தானாகவே வெளியிலிருந்து உள்ளே, அதாவது பந்துக்கு அப்பாலிருந்து உடம்புப் பக்கமாக, வெட்டி அடிக்கக் கற்றுக்கொள்கிறது. முகத்தைச் சரிசெய்தால் உடம்புக்கு அப்படி வெட்டும் தேவையே இல்லாமல் போகும்.

படி 1: உங்கள் ஸ்லைஸ் எந்த வகை?

சில பந்துகளை அடித்துப் பாருங்கள். வலப்பக்கமே கிளம்பி மேலும் வலப்பக்கம் வளைந்தால், முகம் நன்றாகவே திறந்திருக்கிறது. இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், முகம் இலக்குக்கு இடப்பக்கம் பார்த்தாலும் பாதை அதையும் தாண்டி இடப்பக்கம் போகிறது என்று அர்த்தம்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு புள்ளி வைத்து டிரைவரால் அடியுங்கள். முகத்தில் பதியும் தடம் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) பக்கமாக, அதாவது ஹீலில் இருந்தால், அதுவே ஸ்லைஸ் சுழற்சியைக் கூட்டும். அப்படியானால் அரை அங்குலம் தள்ளி நின்று பாருங்கள்.

படி 2: கிரிப் (கிளப்பைப் பிடிக்கும் விதம்)

இங்கே அவசரப்படாதீர்கள். பாதி வேலை இதில்தான் இருக்கிறது.

இடக்கையில் கிளப் உள்ளங்கையின் நடுவில் கிடக்கக் கூடாது. விரல்களின் அடிப்பகுதி வழியாகப் போக வேண்டும். பிடித்த பிறகு மேலிருந்து பாருங்கள். இடக்கையின் விரல்முட்டிகளில் குறைந்தது இரண்டு தெரிய வேண்டும், மூன்று தெரிந்தாலும் நல்லதுதான். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கையை வலப்பக்கம் கொஞ்சம் சுழற்றுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருவாகும் கோடு வலத் தோளைக் காட்ட வேண்டும். வலக்கைக்கும் இதே கணக்கு. அப்புறம் பிடியைத் தளர்த்துங்கள். இறுக்கிப் பிடித்தால் முன்கைகள் சுழலாது. சுழலாத கை முகத்தை மூடாது.

புதுப் பிடி ரொம்ப அசௌகரியமாக இருக்கும். பழையதற்குத் திரும்பிப் போகாதீர்கள். முதல் சில பந்துகள் இடப்பக்கம் வளைந்தால் சந்தோஷப்படுங்கள், முகம் மூடத் தொடங்கிவிட்டது.

படி 3: நிற்கும் விதம்

முதலில் கிளப் முகத்தை இலக்குக்கு நேராக வையுங்கள், பிறகு பாதங்களை அமைத்துக்கொள்ளுங்கள். தோள்களின் குறுக்கே ஒரு கிளப்பைப் பிடித்துப் பாருங்கள். பாதங்கள் நேராக இருந்தும் தோள் மட்டும் இடப்பக்கம் திரும்பியிருப்பது மிகச் சாதாரணம். டிரைவருக்குப் பந்து இடக் குதிகாலின் உட்பக்கத்துக்கு நேராக இருக்க வேண்டும். அதற்கும் முன்னே போனால் தோள்கள் தானாகவே இடப்பக்கம் திறந்துவிடும்.

படி 4: இடது மணிக்கட்டு

கிளப் பின்னால் உச்சிக்குப் போனதும் நிறுத்திப் பாருங்கள். இடது புறங்கை முன்கையை நோக்கிப் பின்னால் மடங்கியிருந்தால் முகம் திறந்துவிடும். தட்டையாக இருக்க வேண்டும். ஒரு சின்ன ஸ்கேலைக் கையுறையின் மணிக்கட்டுப் பக்கம் செருகிக்கொண்டு, பந்தில்லாமல் மெதுவாகப் பழகுங்கள். மணிக்கட்டு மடங்கினால் ஸ்கேல் குத்திக் காட்டிவிடும்.

அடுத்து 7 அயர்னில் அரை ஸ்விங்: இடுப்பு உயரம் வரை பின்னால், இடுப்பு உயரம் வரை முன்னால். முடிவில் கிளப் தலையின் நுனி வானத்தைப் பார்த்தால் முன்கைகள் சுழன்றிருக்கின்றன. முகம் வானத்தைப் பார்த்தால் சுழலவில்லை.

படி 5: பாதை

கிளப் தலைக்குப் போடும் உறையை, பந்துக்கு அப்பால் ஒரு சாண் தள்ளி, இலக்குக்கு எதிர்ப்புறமாகச் சற்றே பின்னால் வையுங்கள். வெளியிலிருந்து வெட்டி வந்தால் கிளப் உறையைத் தட்டும். தட்டாமல் அடிக்க வேண்டுமென்றால் உள்ளிருந்துதான் வர வேண்டும். கீழே இறங்கும்போது தோளால் தொடங்காதீர்கள். இடப்பாதத்தில் எடை இறங்கட்டும், முதுகு இன்னும் ஒரு கணம் இலக்கைப் பார்த்தபடி இருக்கட்டும், கைகள் தாமாக விழட்டும். இது வரவில்லையென்றால் வலப்பாதத்தை ஒரு அடி பின்னால் இழுத்து வைத்து அடித்துப் பாருங்கள்.

படி 6: டிரைவருக்குத் திரும்புதல்

7 அயர்னில் வளைவு அடங்கிய பிறகே டிரைவரை எடுங்கள், அதுவும் முக்கால் வேகத்தில். ஸ்லைஸைக் குறைக்கவென்றே எடையை ஹீல் பக்கம் வைத்துச் செய்த டிரைவர்கள் கிடைக்கின்றன. அவை உதவும், ஆனால் கிரிப் சரியான பிறகு வாங்குவதுதான் நியாயம்.

பந்து வலப்பக்கம் கிளம்பி, வளையாமல் அப்படியே நேராகப் போகத் தொடங்கினால் கவலைப்படாதீர்கள். முகமும் பாதையும் ஒத்துப்போய்விட்டன. இனி குறியை மட்டும் சரிசெய்தால் போதும். இடப்பக்கம் அதிகமாக வளைந்தால் இடக்கையை ஒரு விரல்முட்டி அளவு இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு மறுபடி அடியுங்கள்.