அடைச்சிட்டுப் போனா மெயில் வராது: தண்டர்பேர்டைப் பின்னணியில் ஓட வைப்பது எப்படி?

மார்த்தாண்டத்தில் தேன் குப்பியில் அடைத்து விற்கும் என் மாமாவுக்கு ரப்பர் மரம் துளிர்விட்டுத் தேன் சுரக்கும் மாசி, பங்குனிதான் ஓட்டமான காலம். அந்த நேரத்தில்தான் வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து ஆர்டர் மெயில் வந்தது. காலையில் அனுப்பியதை மாமா பார்த்தது ராத்திரி. "மக்கா, கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடிட்டுதானே கிடந்தது?" என்றார். கம்ப்யூட்டர் ஓடியது, மெயில் பார்க்கும் புரோகிராமான தண்டர்பேர்ட் ஓடவில்லை. வேலை முடிந்ததும் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கி அதை அடைத்துவிட்டிருந்தார்.

பெருக்கல் குறியை அமுக்கினால் புரோகிராமே நின்றுவிடும். அதன்பிறகு மெயில் வந்தாலும் மெயில் கம்பெனியின் கம்ப்யூட்டரான சர்வரிலேயே கிடக்கும், டிங் என்று சத்தம் வராது. பக்கத்தில் இருக்கும் சிறு கோட்டை, அதாவது மினிமைஸை அமுக்கினால் ஜன்னல் மட்டும் மறையும், உள்ளே வேலை நடக்கும். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

கீழே இருப்பது விண்டோஸுக்கான வழி.

முதலில் தண்டர்பேர்டில் செட்டிங்ஸைத் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'ட்ரே' என்று தட்டுங்கள். மினிமைஸ் செய்தால் ட்ரேக்குப் போகட்டுமா என்று கேட்கும் ஒரு வரி வரும். அதில் டிக் போடுங்கள். இனி மினிமைஸ் செய்தால் டாஸ்க்பாரில் இடம் பிடிக்காமல், கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஐகானாக உட்கார்ந்துகொள்ளும். காணவில்லை என்றால் பதற வேண்டாம், அங்கிருக்கும் மேல்நோக்கிய அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும். வெளியே இழுத்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து அக்கவுண்ட் செட்டிங்ஸ், அதில் சர்வர் செட்டிங்ஸ். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை புது மெயில் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் வழக்கமாக 10 இருக்கும். கணக்கு ஐமேப் வகை (மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்ப்பது) என்றால், மெயில் வந்ததும் சர்வரே உடனே தகவல் சொல்லும் வசதிக்கும் அங்கே ஒரு டிக் உண்டு. அந்த டிக் இருக்கட்டும். பாப் வகையில் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்வது) அந்த வசதி கிடையாது, நிமிடக் கணக்கை நம்பித்தான் இருக்க வேண்டும். 5 என்று குறைத்தால் போதும், 1 எல்லாம் தேவையில்லை.

கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாகத் திறக்க வேண்டுமா? விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அமுக்குங்கள். வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என்று இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். திறக்கும் ஃபோல்டரில் தண்டர்பேர்டின் ஷார்ட்கட்டைப் போட்டு, ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ரன் என்ற இடத்தில் மினிமைஸ்டு என்று மாற்றுங்கள். சில நேரம் ட்ரேக்குப் போகாமல் டாஸ்க்பாரிலேயே நின்றால், ஒரு தடவை திறந்து மினிமைஸ் செய்யுங்கள்.

இவ்வளவு செய்தும் மாமாவுக்கு மதியத்துக்கு மேல் மெயில் வரவில்லை. காரணம் தூக்கம்! சாப்பிடப் போன இடைவெளியில் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போய்விட்டது. அது தூங்கினால் உள்ளே இருக்கும் எல்லாப் புரோகிராமும் தூங்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் என்று போய், கரண்டில் இருக்கும்போது ஸ்லீப் 'நெவர்' என்று வையுங்கள். திரை மட்டும் அணையட்டும், அதனால் ஒன்றும் ஆகாது. லேப்டாப் என்றால் மூடியை அடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கடையில் நாலு பேர் வந்துபோகிற இடம் என்றால், எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனோடு எல் அமுக்கிப் பூட்டிவிடுங்கள். பூட்டியிருந்தாலும் தண்டர்பேர்ட் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம் நம்மூர் மழைக்காலம். ரப்பர் மரக்கிளை கம்பியில் விழுந்தால் கரண்ட் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரை மட்டும் மாட்டி மோடத்தை விட்டுவிட்டால் பிரயோஜனமில்லை. மாமா முதலில் அப்படித்தான் மாட்டியிருந்தார். இப்போது இரண்டும் அதில்தான் இருக்கின்றன.