“தண்ணி” சொல்லத் தெரிந்தவன் ஏன் கேட்கவில்லை?

பேச்சு தாமதமான குழந்தைகளோடு வேலை செய்ய வரும் புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். ஒவ்வொரு முறையும் என் பழைய தவறுகளையே மறுபடி பார்க்கிறேன். பரிசைத் தாமதமாகக் கொடுப்பது, நோட்டில் குறிக்க மறப்பது எல்லாம் சில வாரங்களில் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். எளிதில் போகாத நான்கு தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அட்டையில் சொன்னால் போதும் என்று நினைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

நாலு வயதுப் பையன். டம்ளர் படத்தைக் காட்டினால் “தண்ணி” என்பான். மாதக்கணக்கில் உட்கார்ந்து நான்தான் அட்டை அட்டையாகப் பழக்கினேன். ஒருநாள் வெயிலில் ஓடியாடி வந்தவன் குடத்தருகே நின்று அழுதான். தரையில் தலையை முட்டிக்கொண்டான். “தண்ணி வேணும்னா கேளு கண்ணு” என்று அவன் அம்மா கெஞ்சினார். அவனால் கேட்க முடியவில்லை.

1957இல் வெளியான ‘வெர்பல் பிஹேவியர்’ (பேச்சு நடத்தை) நூலில் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் இதைத்தான் விளக்கியிருந்தார். ஒரு சொல் எந்த நிலையில் வாயில் வருகிறது, வந்தபின் என்ன கிடைக்கிறது என்பதே அவருக்கு முக்கியம். தாகத்தில் சொல்லி, தண்ணீரே கிடைத்தால் அது ‘மேண்ட்’. தண்ணீரைப் பார்த்துச் சொல்ல, “ஆமாம்டா” என்று யாராவது தலையாட்டினால் ‘டேக்ட்’. பிறர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் ‘எக்கோயிக்’. “குடத்துல என்ன இருக்கும்?” என்ற கேள்விக்குப் பதிலாக வந்தால் ‘இன்ட்ராவெர்பல்’. காதில் விழுவது ஒரே சொல், நடத்தைகளோ நான்கு. நான் அவனுக்கு டேக்ட் மட்டும் கற்றுக்கொடுத்திருந்தேன்.

1985இல் லமார், ஹாலண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் இடப்பக்கம், வலப்பக்கம் என்ற சொற்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு வகையில் கற்ற சொல் மற்ற வகைக்குத் தானாகப் போய்விடவில்லை.

ஆகவே தாகம் எடுக்கும்போது தொடங்குங்கள். டம்ளரைக் காட்டி, “தண்ணி” என்று நீங்கள் சொல்லி, அவன் திருப்பிச் சொன்ன உடனே ஒரு வாய் மட்டும் கொடுங்கள். தாகம் மிச்சமிருந்தால்தான் மறுபடி கேட்பான். பிறகு சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள். அதன்பின் டம்ளரையும் மறைத்துவிடுங்கள். “தண்ணி” சொன்னதற்குப் பிஸ்கட்டைத் தந்துவிடாதீர்கள், தயவுசெய்து. அப்புறம் அவன் பிஸ்கட் வேண்டும்போதெல்லாம் “தண்ணி” என்பான்.

எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்பது

தண்டனை நடத்தையைக் குறைக்கும். வலுவூட்டல் எந்த வகையானாலும் கூட்டும். பிடிக்காத ஒன்று விலகுவதால் நடத்தை கூடினால் அது எதிர்மறை வலுவூட்டல். அழுததும் பாடத்தை மூடினால் அடுத்த முறை அழுகை சீக்கிரமே வரும்.

ஸ்கின்னர் மனதை மறுத்தார் என்பது

பல்வலியும் யோசனையும் தோலுக்கு உள்ளே நடப்பவை, வெளியே தெரிபவற்றோடு அவ்வளவுதான் வித்தியாசம் என்றார் அவர். 1945லேயே எழுதிவிட்டார்.

சாம்ஸ்கியின் 1959 மதிப்புரையோடு நிறுத்துவது

ஸ்கின்னரின் அந்த நூலைக் கடுமையாக விமர்சித்தவர் மொழியியலாளர் சாம்ஸ்கி. இதுவரை கேட்டிராத வாக்கியத்தைக் குழந்தை எப்படிச் சொல்கிறது என்ற அவரது கேள்வி கனமானது. அந்த மதிப்புரைக்கு உளவியலாளர் மக்கோர்க்வொடேல் 1970இல் எழுதிய மறுப்பையும் படியுங்கள். அதற்கும் முன்னால் ஸ்கின்னரின் மூல நூலை.