சாரல் காலத்தில் நெட் நிற்காமல் இருக்க

செங்கோட்டையில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஆனியும் ஆடியும் பொல்லாத மாதங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும். குற்றாலம் வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். இங்கே தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்ட் போகும். கட்டுரை முடிந்திருக்கும், லேப்டாப்பில் சார்ஜும் இருக்கும், அனுப்ப நெட் இருக்காது. வீட்டுக்குள் மொபைல் சிக்னலும் ஒரு கோடுதான்.

பெரிய இன்வெர்ட்டர் வாங்கக் கையிருப்பு இடம் தரவில்லை. கூலி எப்போது வரும் என்று எழுதியவனுக்கே தெரியாத தொழில் இது.

எலக்ட்ரிக்கல் கடை அண்ணாச்சிதான் வழி சொன்னார். "இன்வெர்ட்டர் எதுக்கு தம்பி? உங்க மோடத்துக்கு வேண்டியது 12 வோல்ட்டுதான?"

எங்கள் நெட் வருவது ஃபைபர் லைனில், அதாவது ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையில். அதன் வழியிலிருக்கும் பிரிப்பான் பெட்டிக்குப் பொதுவாகக் கரண்டே தேவையில்லை. ஒளியை அப்படியே பங்கு போட்டு அனுப்பும். எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ஓடி, நம் வீட்டு மோடமும் உயிரோடு இருந்தால் நெட் வரும்.

அண்ணாச்சி காட்டியது மினி யுபிஎஸ்: கரண்ட் போனாலும் மோடத்தை ஓட்டும் சின்ன பேட்டரிப் பெட்டி. அதை வாங்குமுன் மோடம் அடாப்டரின் முதுகைப் படித்தேன்: 12 வோல்ட், 1 ஆம்பியர், பின்னின் நடுவில் பிளஸ். வோல்ட்டும் பிளஸ்ஸும் அச்சாக ஒத்துப்போக வேண்டும். யுபிஎஸ்ஸின் ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை. 9 வோல்ட் மோடங்களும் உண்டு, ஜாக்கிரதை. வைஃபை தரும் ரூட்டர் தனியாக இருந்தால் அதற்கும் யுபிஎஸ்ஸில் ஒரு அவுட்புட் வேண்டும்.

ஐப்பசி இடிக்கு மட்டும் சுவர் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். பேட்டரியிலேயே மோடம் ஓடும்.